வேலை போனதைச் சொல்லுங்கள்

வேலை போய்விட்டதா? முதலில் வீட்டில் சொல்லுங்கள். இன்றைக்கு ராத்திரியே சொல்லுங்கள். அடுத்த வேலை கிடைக்கட்டும், இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சொந்தப் புத்தகத்தோடு வந்து படிப்பவர்களுக்கென்றே அங்கே தனிப் பகுதி உண்டு. வேலை நாள் ஒன்றில் போய்ப் பாருங்கள். டிஎன்பிஎஸ்சி-க்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு நடுவில், மடிப்புக் கலையாத சட்டையும் லேப்டாப் பையுமாக நாற்பதை நெருங்கும் ஆட்கள் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டிலிருந்து கட்டிவந்த சாப்பாட்டை ஒரு மணிக்குப் பிரித்துச் சாப்பிடுவார்கள். ஆபீஸ் விடுகிற நேரம் பார்த்துக் கிளம்புவார்கள். எல்லோரும் வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி வருகிறவர்கள் உண்டு.

வெட்கம் என்கிறார்கள். எதற்கு வெட்கம்? 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஆட்களில் 2 சதவீதம், ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுமட்டத்திலும் அதற்கு மேலும் இருப்பவர்கள். பத்துப் பதினைந்து வருடம் வாங்கிய சம்பளத்துக்கு ஒழுங்காக வேலை பார்த்தவர்கள். அவர்கள் என்ன கையாடல் செய்தா மாட்டிக்கொண்டார்கள்? கம்பெனி தன் கணக்கைப் போட்டது, இவர்கள் அந்தக் கணக்கில் கழிந்தார்கள். இதில் தலைகுனிய ஒன்றும் இல்லை. தினமும் காலையில் மனைவி கட்டிக்கொடுக்கிற சாப்பாட்டை வாங்கிக்கொண்டு ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் படியிறங்குகிறீர்களே, அதில்தான் இருக்கிறது.

பொய் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வீட்டுக்குத் தெரியாத ஒன்றை நீங்கள் வெளியில் யாரிடமும் சொல்ல முடியாது. மைத்துனரிடம் சொன்னால் மனைவி காதுக்குப் போய்விடும். காலேஜ் நண்பனிடம் சொன்னால் அவன் மனைவி மூலம் வரும். அப்பாவின் நண்பர் ஒருவர் கிண்டியில் பெரிய இடத்தில் இருக்கிறார், அவரிடமும் பேச முடியாது. ஒரே ஒரு வாய்க்குப் பயந்து நூறு பேரிடம் வாயை மூடிக்கொள்கிறீர்கள். கையில் இருக்கிற பணம் மூன்று மாதத்துக்கு வரும் என்றால், அதில் இரண்டு மாதம் நடிப்பதிலேயே போய்விடுகிறது. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

சரி, சொல்வது என்றால் யாரிடம்?

நம் ஆட்கள் முதலில் ஓடுவது நெருங்கிய சிநேகிதர்களிடம். ஆறுதலுக்கு அவர்கள் வேண்டும். வேலைக்கு அவர்கள் போதாது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்களில் ஏராளமானோர் இருபதைத் தாண்டியும் தாண்டாத பெண்கள். ஒரே ஷிப்ட், ஒரே கம்பெனி பஸ், வாடகைக்கு எடுத்த ஒரே வீட்டில் நாலைந்து பேர். அவர்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் அந்த ஆலைக்குள்ளேயே இருந்தார்கள். ஆலை மூடியதும் அத்தனை பேரும் ஒரே நாளில் வேலை தேடுகிறவர்கள் ஆனார்கள். யார் யாரிடம் விசாரிப்பது? மறைமலை நகர் ஃபோர்டிலும் இதே கதைதான். இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள், 2022 ஜூலையில் கடைசி கார் வெளியே வந்தது. பக்கத்து மெஷினில் நின்றவனுக்கு உங்கள் மேல் உயிர். ஆனால் உங்களுக்குத் தெரிந்த அதே நாலு கம்பெனிதான் அவனுக்கும் தெரியும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் இதைத்தான் 1973-இல் எழுதினார். பாஸ்டனுக்குப் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், புதிதாக வேலை மாறிய ஆட்களைத் தேடிப்பிடித்துக் கேட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்ததா, அவரை நீங்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பீர்கள் என்று. அடிக்கடி பார்ப்பேன் என்றவர்கள் 17 சதவீதத்துக்கும் குறைவு. பாதிக்கு மேற்பட்டவர்கள் எப்போதாவது என்றார்கள். கால்வாசிக்கு மேல், அபூர்வமாகத்தான் என்றார்கள். கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து, 2022-இல், லிங்க்ட்இன் தளத்தின் 2 கோடிக்கும் மேற்பட்ட உறுப்பினர்களை வைத்து நடத்திய ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. உயிர் நண்பனை விட, அரைகுறைப் பழக்கம் உள்ளவர் வழியாகத்தான் வேலை மாற்றம் அதிகம் நடக்கிறது. (அந்த உறுப்பினர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே சோதனையை நடத்தினார்கள் என்று கண்டனமும் எழுந்தது. நியாயமான கண்டனம்தான்.)

ஆகவே, எப்போதாவது பார்க்கிறவர்களிடம் சொல்லுங்கள். பழைய கம்பெனியை விட்டு ஐந்து வருடம் முன்பே போனவர், சப்ளையர் பக்கத்திலிருந்து உங்களிடம் வந்து போன ஆள், மெஷின் சர்வீஸ் பார்க்க வந்த இன்ஜினியர், ஐடிஐ-யில் பாடம் நடத்திய வாத்தியார், உங்கள் அக்காவோடு ஹாஸ்டலில் தங்கியிருந்தவர். எனக்கு யாரையும் தெரியாது சார் என்று முதல் தலைமுறைப் பட்டதாரிகள் சொல்லிக் கேட்கிறேன். கடைசி வருட ப்ராஜெக்டுக்கு ஏதோ ஒரு கம்பெனியில் ஒரு மாதம் உட்கார்ந்தீர்களே, சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்ட சூப்பர்வைசர் யார்? அவர் பெயராவது நினைவில் இருக்கிறதா? படித்து முடித்த பிறகு ஒருமுறையாவது அவருக்குப் போன் போட்டீர்களா?

இனி, எப்படிச் சொல்வது. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள்.

'ஹாய் அண்ணா, எப்படி இருக்கீங்க. ஏதாச்சும் ஓப்பனிங் இருந்தா சொல்லுங்க.' கீழே ஒரு பிடிஎஃப். ஃபைலின் பெயர் 'ரெஸ்யூம் நியூ ஃபைனல் 2'. இந்தச் செய்தியை ஒரே நாளில் எண்பது பேருக்கு ஃபார்வர்டு செய்துவிட்டு, ஒருத்தரும் பதில் போடவில்லை, உலகமே சுயநலம் என்று சலித்துக்கொள்கிறார்கள்.

பெறுகிறவர் நிலையில் இருந்து பாருங்கள். திங்கட்கிழமை காலை. மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் முகம் நினைவுக்கு வரவில்லை. எந்த வேலை தேடுகிறீர்கள் என்று செய்தியில் இல்லை. எந்த ஊர் என்று இல்லை. என்ன தெரியும் என்பதைக் கண்டுபிடிக்க அந்தப் பிடிஎஃப்பைத் திறந்து, மூன்று பக்கம் படிக்க வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்று வைக்கிறார். அந்த 'அப்புறம்' வரவே வராது. அவர் கெட்டவர் இல்லை. உங்கள் வேலையை அவர் தலையில் கட்டியவர் நீங்கள்.

இப்படி எழுதிப் பாருங்கள்: 'வணக்கம் அண்ணா. நான் உங்களுக்கு இரண்டு வருஷம் ஜூனியர், மெக்கானிக்கல். சிம்போசியத்துக்கு ஸ்பான்சர் கேட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் உங்களோடு அலைந்தவர்களில் ஒருவன். ஒரகடத்தில் ஆறு வருஷம் குவாலிட்டியில் இருந்தேன். போன மாதம் எங்கள் லைனை மூடிவிட்டார்கள். எலெக்ட்ரிக் வண்டிக்கான பேட்டரி பக்கம் போகலாமா என்று பார்க்கிறேன். உங்கள் இடத்தில் குவாலிட்டி ஆட்களிடம் எதை எதிர்பார்க்கிறார்கள், நான் புதிதாக எதைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ள ஆசை. உங்களுக்குத் தோதான நேரத்தில் பதினைந்து நிமிடம் பேச முடியுமா? ஓசூர் வந்தும் பார்க்கிறேன்.'

இதில் வேலை கொடுங்கள் என்று ஒரு வார்த்தை கூட இல்லை. நீங்கள் யார், என்ன செய்தீர்கள், என்ன ஆயிற்று, எங்கே போக நினைக்கிறீர்கள், அவர் என்ன செய்தால் போதும் என்பது எல்லாம் இருக்கிறது. வேலையைக் கேட்டால் இருக்கிறது, இல்லை என்ற இரண்டே பதில்தான், பெரும்பாலும் இல்லை. விவரம் கேட்டால் யாருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். பேசிக்கொண்டே வரும்போது, 'எங்களிடம் இப்போ இல்லை, ஆனால் எங்களுக்கு செல் சப்ளை பண்ற இடத்தில் ஆள் தேடுறாங்க' என்று அவர் வாயிலிருந்தே வரும்.

அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பதினைந்தாவது நிமிடத்தில் முடியுங்கள். மறுநாள் நன்றி சொல்லி ஒரு வரி போடுங்கள். அவர் ஒரு பெயரைச் சொல்லி, இவரிடம் பேசு என்றிருந்தால், பேசிவிட்டு என்ன நடந்தது என்று அவருக்குத் திரும்பச் சொல்லுங்கள். இதை நூற்றில் பத்துப் பேர் கூடச் செய்வதில்லை என்பது என் எண்ணம். செய்கிறவர்களை ஆட்கள் மறப்பதில்லை.

இன்னொன்று. உங்களைக் கம்பெனிக்குள் ரெஃபர் செய்கிறவர் என்ன செய்கிறார் தெரியுமா? தன் எம்ப்ளாயி எண்ணின் கீழ் உங்கள் பெயரைப் பதிவு செய்கிறார். நீங்கள் சேர்ந்து சில மாதம் நிலைத்தால் அவருக்கு ஒரு தொகை கிடைக்கலாம். நீங்கள் பொய்க்காரர் என்று தெரிந்தால் அவர் பெயர்தான் முதலில் கெடும். ஆகவே ரெஸ்யூமில் பொய் எழுதாதீர்கள். மூன்று வருட அனுபவம் வைத்துத் தருகிறோம், ஆஃபர் லெட்டர், ரிலீவிங் லெட்டர், சம்பளச் சீட்டு எல்லாம் ரெடி என்று சொல்கிற கன்சல்டன்சிகளுக்கு இந்த ஊரில் பஞ்சம் இல்லை. வருங்கால வைப்பு நிதி என்று ஒன்று இருப்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள். அந்த நிதிக்கான உங்கள் யுஏஎன் எண்ணைத் தட்டினால் எந்தக் கம்பெனி எந்த மாதம் உங்களுக்குப் பணம் கட்டியது என்று வரிசையாக வரும். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்கிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். அனுபவமே இல்லாத இடத்தில் மூன்று வருடம் எப்படி வரும்? வேலையில் சேர்ந்து ஆறு மாதம் கழித்துக்கூட வெளியே அனுப்புகிறார்கள். இடையில் இரண்டு வருடம் வேலைக்குப் போகவில்லை, அம்மாவுக்கு டயாலிசிஸ், கூடவே இருந்தேன் என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். கேட்கிறவரும் அம்மா உள்ளவர்தான்.

பணம் கொடுத்து உள்ளே போகாதீர்கள். பேக்டோர் என்று சொல்லி இரண்டு லட்சம், மூன்று லட்சம் கேட்கிறவர் நல்ல கம்பெனியின் ஆளாக இருக்க முடியாது. வெளிநாடு என்றால் இன்னும் எச்சரிக்கை. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போன இளைஞர்கள் மியான்மர் எல்லைக்குள் கடத்தப்பட்டு, ஆன்லைன் மோசடி செய்யும் மையங்களில் அடைக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். 2025 மார்ச்சில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களை அனுப்பித்தான் அழைத்துவர வேண்டியிருந்தது. இந்த வலையிலும் பலர் விழுவது தெரிந்தவர் சொன்னார் என்று நம்பித்தான். ஆகவே, தெரிந்தவர் என்றாலும் விசாரியுங்கள்.

இதுவரை வேலை தேடுகிறவர்களுக்குச் சொன்னேன். வேலையில் இருப்பவர்களே, உங்களிடம் இன்னும் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது.

தெரிந்த ஆளை உள்ளே இழுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார், ஊரிலிருந்து சிறு பையனைக் கூட்டிப்போய்ப் பெட்டியடிப் பையனாக்கி, அடுத்தாளாக்கி, கடைசியில் கடையையே பொறுப்பேற்கும் ஏஜென்டாக்கினார்கள். தொழிலைக் கற்றுக்கொடுத்து ஆளாக்குவதில் அது அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த வரிசையில் நிற்கவே பிறப்பு வேண்டியிருந்தது. இன்றைக்கு ஓஎம்ஆர் சாலையில், கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்துகொண்டும் அதையேதான் செய்கிறோமா?

ஆய்வாளர்கள் சுகதேவ் தோராட்டும் பால் அட்வெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. நாம்தான் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதில்லையே என்று மார்தட்டாதீர்கள். நமக்கு வேறு கேள்வி இருக்கிறது. 'தம்பிக்கு எந்த ஊரு?' அடுத்து, 'ஊர்ல எந்தப் பக்கம்?' அடுத்து, 'உங்க குலசாமி எது?' மூன்று கேள்வியில் விஷயம் முடிந்துவிடும். சிரித்துக்கொண்டே கேட்கிற இந்தக் கேள்விகளை வேலை கேட்டு வருகிறவரிடம் கேட்காதீர்கள். வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் ஊர்ப் பையனுக்கு உதவ வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வருடம் நீங்கள் ரெஃபர் செய்த ஆட்களின் பெயரை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எல்லாம் ஒரே தெருவில் வந்து நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், அடுத்த பெயர் வெளியிலிருந்து இருக்கட்டும்.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். எந்த டீமில் ஆள் எடுக்கிறார்கள், யார் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார், எந்த ப்ராஜெக்ட் வருகிறது என்ற பேச்சு பெரும்பாலும் கேட்டுக்கு வெளியே டீக்கடையில், கையில் சிகரெட்டோடு நடக்கிறது. அங்கே பெண்கள் குறைவு. குழந்தைக்காக மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வர நினைக்கும் பெண்ணுக்கு அந்த டீக்கடை கண்ணிலேயே படாது. அவர் தயங்கித் தயங்கி லிங்க்ட்இன்னில் ஒரு செய்தி எழுதுகிறார். இரண்டாவது பதிலிலேயே, 'ப்ரொஃபைல் போட்டோ சூப்பர். ஒரு காபி குடிச்சுக்கிட்டே பேசலாமா?' அவர் உடனே விலகிவிடுகிறார், அடுத்து வேறு யாரிடமும் கேட்கவும் பயப்படுகிறார். இப்படி எழுதுகிறவர்களுக்கு நான் அறிவுரை சொல்லப்போவதில்லை. வெட்கக்கேடு, அவ்வளவுதான். மற்ற ஆண்களுக்குச் சொல்கிறேன்: வேலையைப் பற்றி மட்டும் எழுதுங்கள், பகல் நேரத்தில் எழுதுங்கள், முடிந்தால் உங்கள் டீமில் இருக்கும் ஒரு பெண்ணோடு அவரைச் சேர்த்துவிடுங்கள். டீக்கடையில் கேட்ட தகவலை டீம் குரூப்பிலும் போடுங்கள்.

இந்த உதவியை மொய்க் கணக்கு போல வைத்துக்கொள்ளவும் வேண்டாம். எனக்குச் செய்தவருக்குத்தான் நான் செய்வேன் என்றால், உங்களுக்கு உதவிய சீனியருக்கு உங்கள் உதவி தேவைப்படும் நாளே வராமல் போகலாம். அவருக்கு முகமே தெரியாத ஒரு ஜூனியருக்குச் செய்யுங்கள். வேலையில் இருக்கும்போதே செய்யுங்கள். வேலை போன பிறகு எல்லோருக்கும் நல்லவனாவது சுலபம்.

கடைசியாக, பதில் போடுங்கள். இடம் இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். நேர்முகத் தேர்வில் அவர் தேறவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்தால் அதையும் பக்குவமாகச் சொல்லுங்கள். பார்க்கிறேன், எச்ஆர்-கிட்ட சொல்லியிருக்கேன், வெயிட் பண்ணுங்க என்று இழுக்காதீர்கள். மனம் நோகும் என்று நினைத்துச் சொல்லாமல் இருப்பது கருணை ஆகாது. 'இல்லை' என்ற பதில் புதன்கிழமையே வந்துவிட்டால் அவர் வியாழக்கிழமை வேறு இடம் பார்ப்பார். திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்று பேரோடு அறையைப் பகிர்ந்துகொண்டு, மெஸ் கார்டில் எத்தனை சாப்பாடு மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருப்பவர், நீங்கள் சொன்ன 'அடுத்த வாரம்' என்ற ஒரு வார்த்தையை நம்பி ஊருக்குப் போகாமல் இருக்கிறார். மாத வாடகை ஐந்தாம் தேதி.